முந்நூற்றுப் பத்து மீட்டர்

கால்நடை ஆய்வாளர் சங்கரலிங்கம் 1984 ஏப்ரல் முதல் 1995 மார்ச் கடைசி வரை கூத்தனேந்தல் கிராமத்தின் வழியாக 1,146 நாட்கள் போய்வந்திருக்கிறார். அவர் மாதந்தோறும் ஒப்படைத்த பயணக் குறிப்புகளைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பது அதே அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் வேலை. ஆகவே இந்த எண்ணில் பிழை இருக்காது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று 2,292 தடவை அந்த ஊர்க் கருப்பசாமி கோயிலை அவர் கடந்தார். ஒவ்வொரு தடவையும் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, 310 மீட்டர் தூரம் அதைத் தள்ளிக்கொண்டே போனார். கூட்டினால் 710 கிலோமீட்டர் வருகிறது. எங்கள் அலுவலகம் இருந்த அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போய், திரும்பி விழுப்புரத்தையும் தாண்டிவிடலாம்.

அவர் ஏன் தள்ளினார் என்பதை ஊர் ஒரு விதமாகப் புரிந்துகொண்டது. அது தவறு. அந்தத் தவறால் ஒருவரின் உயிர் போகப் பார்த்தது.

சங்கரலிங்கத்துக்குப் பாளையம்பட்டி சொந்த ஊர். அண்ணன் தம்பிகள் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் அரசு வேலைக்கு வந்தார். திருச்சுழி சாலையிலிருந்து பிரியும் கிளைப் பாதை ஒன்றில் ஐந்து ஊர்கள் இவர் பொறுப்பு. முக்கியமான வேலை, மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது. காலையில் மாடு சினைப்பருவத்தில் கத்தினால் சாயங்காலத்துக்குள் ஊசி போட வேண்டும். தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஆகையால் இந்த வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் வண்டியை விரட்டித்தான் ஓட்டினார்கள். சங்கரலிங்கமும் அப்படித்தான் ஓட்டினார், 1984 பிப்ரவரி 16 வரை.

அன்று வியாழக்கிழமை. உடன் வேலை பார்த்த சுந்தரபாண்டி, பாலவனத்தம் போகும் வழியில் விழுந்தார். சம்சாரிகள் உளுந்தஞ்செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி அதுவே உதிர்ந்துவிடும் என்பதால் அறுப்புக் காலத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் பரப்புவார்கள். காய்ந்த செடியில் சக்கரம் வழுக்கிவிட்டது. சுந்தரபாண்டிக்குக் கையில் காலில் சிராய்ப்புக்கூட இல்லை. தலை மட்டும் மைல் கல்லில் பட்டது. மூன்றாம் நாள் மதுரையில் இறந்தார். வயது முப்பத்தொன்று. அவரை ஆட்டோவில் மடியில் கிடத்திக் கொண்டுபோனவர் சங்கரலிங்கம்.

அடுத்த மாதம் மதுரைக்குப் போய் ஒரு வெள்ளை ஹெல்மெட் வாங்கிவந்தார். அன்றிலிருந்து அது தலையில் இல்லாமல் அவர் வண்டியைப் பத்தடிகூட ஓட்டியதில்லை. தெருவில் சிரித்தார்கள். சட்டி டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். அவர் மனைவி சுப்பம்மாள்கூட, "கடைக்குப் போக எதுக்குங்க இது? பாக்கிறவுக ராக்கெட்டுல போறீகன்னு நெனைப்பாக" என்றார். அவர் பதில் சொல்லிச் சண்டை போடுகிற ஆள் இல்லை. போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஏப்ரலில்தான் கூத்தனேந்தல் வழி அவருக்கு ஒதுக்கப்பட்டது. ஊருக்கு முன்னால் கண்மாய்க் கரை. கரைமேல் ரோடு. ரோட்டோரம் கருப்பசாமி. கோயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல். இரண்டுக்கும் நடுவில் யாரும் தலையை மூடிக்கொண்டு போகக்கூடாது. தலைத் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். தலைச்சுமைக்கு விலக்கு உண்டு. பூசாரி தன் கையால் கட்டிவிடும் பரிவட்டத்துக்கும் விலக்கு உண்டு. ஹெல்மெட்டை அதற்குமுன் அந்த ஊர் பார்த்ததில்லை.

கோயில் பெரியதனம் கருத்தப்பாண்டி முதல் நாளே மறித்தார்.

"டாக்டரையா, தலையில இருக்கிறத எறக்குங்க."

"இது தலப்பா இல்ல பெரியவரே. அடிபடாம இருக்கப் போடுறது."

"எங்க கருப்பன் முன்னாடி உங்கள யாரு அடிக்கப் போறா?"

சங்கரலிங்கம் கொஞ்சம் யோசித்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். ஆனால் வண்டியில் ஏறவில்லை. தள்ளத் தொடங்கினார். நூற்று முப்பது கிலோ ராஜ்தூத், பின்னால் கட்டிய உறைவிந்து ஊசிக் குடுவை வேறு. கருத்தப்பாண்டி கூடவே நடந்தார்.

"வண்டி நின்னுபோச்சா?"

"இல்ல."

"பெறகு ஏன் தள்ளுறீக?"

"சும்மா" என்றார் சங்கரலிங்கம்.

ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதில்லை என்பதைச் சொன்னால் மறுபடி விவாதம் வரும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதனால் அந்தச் சொல்லைச் சொன்னார். பிறகு எத்தனையோ தடவை அதை நினைத்து நொந்துகொண்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஊர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. "அவுக சாமிக்காகத்தான் எறங்கித் தள்ளுறாக. கேட்டாக்கூடச் சொல்லிக்கிட மாட்டாக, சும்மாங்கிறாக" என்று பேச்சு பரவியது. படித்த மனுசன், டவுன்காரர், இவ்வளவு அடக்கமா என்று வியந்தார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் ஊருக்குள் டி.வி.எஸ். வண்டி வாங்கியவர்களும் இறங்கித் தள்ளினார்கள். 1990 வாக்கில் அது ஊர்க் கட்டுப்பாடாகவே ஆகிவிட்டது. 1993 ஆகஸ்ட் 12 அன்று அலுவலக வேலையாக நானும் அங்கே போயிருந்தேன். நான் நின்ற ஒரு மணி நேரத்தில் ஏழு வண்டிகள் கல்லிலிருந்து கல் வரை தள்ளப்பட்டன. ஏழு பேர் தலையிலும் ஒன்றும் இல்லை. அந்தக் கல்லைத் தாண்டியதும் ஏறி, முறுக்கிக்கொண்டு பறந்தார்கள். தள்ளியாகிவிட்டது, இனிக் கருப்பன் பார்த்துக்கொள்வார் என்பது கணக்கு.

சங்கரலிங்கம் மறுக்கவில்லை. மறுத்தால் சாமியை மறுத்ததாக ஆகும். அந்த வழியை அடைத்துவிட்டால் மற்ற நான்கு ஊர் மாடுகளுக்கும் சுற்றுவழியில் போக வேண்டும். வந்த மரியாதையும் அவருக்குக் கசக்கவில்லை. இதை அவரே ஒத்துக்கொண்டார்.

அந்த ஊரில் அவருக்கு ரொம்ப வேண்டியவர் ஐயாத்துரை. ஆறு ஏக்கரில் பருத்தியும் மிளகாயும், இரண்டு கலப்பினப் பசுக்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1993 கடைசியில் ஐயாத்துரை ஒரு பழைய யெஸ்டி வாங்கினார். சங்கரலிங்கம் அடுத்த வாரமே இன்னொரு ஹெல்மெட் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாதம் ஒன்று கழித்துப் போனபோது அது தொழுவத்து மூலையில் மல்லாந்து கிடந்தது. உள்ளே வைக்கோல் போட்டு, கோழி உட்கார்ந்திருந்தது.

"என்ன ஐயாத்துரை, இதுல கோழிய அடை வச்சிருக்கீரு?"

"பன்னெண்டு முட்டையில ஒம்போது பொரிச்சிருக்கு சார். கூடையில இந்தச் சூடு வராது."

"அத உம்ம தலைக்கு வாங்கினேன்."

"கருப்பனுக்கு வண்டியத் தள்ளுறவன் தலைக்குச் சட்டி எதுக்கு சார்? நீங்க டவுனுக்குள்ள போறவுக, போட்டுக்கிடுங்க. அங்க லாரிக்காரனுக்குக் கண்ணு தெரியாது. இங்ஙன நமக்கு ஆளு இருக்கு."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். சங்கரலிங்கம் கோழியைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

1995 ஜனவரி 21, சனிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். ஐயாத்துரை வண்டியைத் தள்ளிக்கொண்டு கோயிலைக் கடந்து, அதில் ஏறி, கண்மாய் வளைவில் திரும்பியபோது செம்மறி ஆடுகள் குறுக்கே வந்தன. வலது தோள் எலும்பு முறிந்தது. தலையில் பதினான்கு தையல். ஒன்றரை நாள் நினைவு இல்லை. நினைவு வந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, "வண்டியத் தள்ளினதாலதான் பொழச்சேன்" என்பது. பங்குனிப் பொங்கல் முடிந்ததும் மறுபடி வண்டி எடுப்பேன் என்றார். ஹெல்மெட் பேச்சையே காதில் வாங்கவில்லை.

மார்ச் மாதம் அவர் மனைவி தங்கலட்சுமி பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தார். நான் அடுத்த மேஜையில் இருந்தேன்.

"அண்ணே, நீங்க எதுக்கு வண்டியத் தள்ளுறீகன்னு எனக்குத் தெரியும்" என்றார் எடுத்த எடுப்பில்.

"எதுக்காம்?"

"சாமி கும்பிடுறவுக ஒரு நாளாச்சும் சாமி பக்கம் திரும்பிப் பாப்பாக. நீங்க திரும்பினதே இல்ல. அடுத்த கல்லு எப்ப வரும்னு அதையே பாத்துக்கிட்டு வருவீக."

சங்கரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அத ஊருக்குச் சொல்லுங்க. உங்கள வச்சுத்தான் இந்த மனுசன் பேசுறாரு. டாக்டரே கருப்பன நம்பித்தான் கழத்துறாக, எனக்கென்னங்கிறாரு. நான் சொன்னா பொம்பள பேச்சு. நீங்க சொல்லணும்."

"சொன்னா வழிய அடைச்சுருவாக தங்கலட்சுமி."

"அடைக்கட்டும். அவரு மண்ட ஒடைஞ்ச பெறகு உங்களுக்கு வழி இருந்து என்ன செய்ய?"

அவர் போன பிறகு சங்கரலிங்கம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருசம் இருக்கு. தள்ளித் தள்ளி முழங்கால் போச்சு" என்றார் என்னிடம்.

ஏப்ரல் 4, செவ்வாய்க்கிழமை, பங்குனிப் பொங்கல். என்னையும் அழைத்துப் போனார். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் உண்டு, அவர் வண்டியில் ஏற அதுதான் நிபந்தனை. கல்லருகே இருவரும் இறங்கித் தள்ளினோம். கோயில் முன் ஊரே கூடியிருந்தது. ஐயாத்துரை கையைத் தூளியில் தொங்கவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை.

பொங்கல் இறக்கியதும் கருத்தப்பாண்டி எழுந்தார். "பதினோரு வருசமா நம்ம கருப்பனுக்கு மரியாதை பண்ணுற டாக்டரையாவுக்கு ஊரு சார்பா பரிவட்டம்" என்றார். இது முன்கூட்டி எங்களுக்குத் தெரியாது. பூசாரி கோட்டைச்சாமி சிவப்புப் பட்டுத்துணியை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு வந்தார். சங்கரலிங்கம் இரண்டடி பின்னால் போனார்.

"இத எனக்குக் கட்டாதீக."

"கூச்சப்படாதீக ஐயா."

"கூச்சம் இல்ல. நான் வண்டியத் தள்ளினது சாமிக்காக இல்ல. ஹெல்மெட்டு இல்லாம ஓட்ட எனக்குப் பயம். நீங்க கழத்தச் சொன்னீக, அதனால எறங்கினேன். அவ்வளவுதான்."

உறுமிக்காரர் கையை நிறுத்திவிட்டார்.

"அப்ப எங்க கருப்பன நம்பலயா?" என்றார் கருத்தப்பாண்டி.

"கருப்பன நம்புறேன். ரோட்ட நம்பல."

பின்னாலிருந்து ஒருவர், "பதினோரு வருசமா நடிச்சிருக்காரு பாருங்க" என்றார்.

"நடிக்கல. நீங்களா நெனச்சீக. நான் இல்லேன்னு சொல்லல, அது என் தப்பு. ஐயாத்துரை தலையில பதினாலு தையல் இருக்கு. அதுல எனக்கும் பங்கு உண்டு."

ஐயாத்துரை எழுந்து, அவரைப் பார்க்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கருத்தப்பாண்டி பூசாரியிடம், "மடிச்சு வைய்யப்பா" என்றார். பிறகு சங்கரலிங்கத்திடம் சத்தம் கூட்டாமல் சொன்னார்: "இனிமே நீங்க இங்ஙன எறங்கித் தள்ள வேண்டாம். வரவும் வேண்டாம்."

அடுத்த பதின்மூன்று மாதம் சினை ஊசிப் பதிவேட்டில் கூத்தனேந்தலுக்கு எதிரே சுழியம்தான் இருக்கிறது. மற்ற நான்கு ஊர்களுக்கும் அவர் ஒன்பது கிலோமீட்டர் சுற்றிப் போனார். ஊரில் நடந்ததாக முதலில் எங்கள் காதுக்கு எட்டிய மாற்றம் ஒன்றே ஒன்று. இளவட்டங்கள் வண்டியைத் தள்ளுவதை விட்டுவிட்டார்கள். டாக்டரே சாமிக்குத் தள்ளவில்லையாம், நமக்கென்ன என்று கோயிலை ஓட்டியே கடந்தார்கள். தலையில் அப்போதும் ஒன்றும் இல்லை.

இதை அவரிடம் நான்தான் சொன்னேன். "தெரியும்" என்றார்.

அதே வருடம் ஜூன் 19 அன்று தங்கலட்சுமி மறுபடி மருந்தகத்துக்கு வந்தார். கன்றுக்குக் கழிச்சல், மருந்து வேண்டும் என்றார். சங்கரலிங்கம் மருந்தை எடுத்துக் கொடுத்தார். எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். ஐயாத்துரையைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கலட்சுமியே சொன்னார்.

"வண்டி எடுத்துட்டாரு. சட்டியக் கழுவி வெயில்ல காயப்போட்டுக் குடுத்தேன். போட்டுக்கிட்டுத்தான் போறாரு."

சங்கரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பேர எடுத்தா ஏசுறாரு. பதினோரு வருசம் சாமி பக்தின்னு நம்பினது வெறும் பயமாம்ல, அப்ப என் தலைய நாந்தான பாத்துக்கிடணும்னு ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்றாரு. உங்க மூஞ்சில முழிக்க மாட்டாராம்."

"சரி" என்றார் சங்கரலிங்கம். பிறகு கேட்டார்: "தாடையில வார மாட்டுறாரா?"

"வாரா? அது ரெண்டு பக்கமும் தொங்கிக்கிட்டுக் கெடக்கும்."

"மாட்டலேன்னா விழும்போது தலை ஒரு பக்கம், ஹெல்மெட்டு ஒரு பக்கம் போகும்மா. போட்டதும் போடாததும் ஒண்ணுதான்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் தேய்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய தன் ஹெல்மெட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். வாரை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, ஒன்றின் மேலாகத் திருப்பி, மற்றதின் கீழாக இழுத்துக் காட்டினார். தங்கலட்சுமி மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு முயன்றார். முதல் மூன்று தடவையும் வார் நழுவி வந்துவிட்டது. நாலாம் தடவை ஹெல்மெட்டை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பலமாக இழுத்துப் பார்த்தார். கழலவில்லை.

"காலையில நானே மாட்டி விட்டுருதேன். கத்துவாரு. கத்தட்டும்" என்றார். இரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தார்.