கைப்பையில் இருந்த திறப்பு

என் மகள் வாயாடி. கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் அந்த வாய் குறையவில்லை. டெலிபோனில் பிடித்தாளென்றால் என் தேத்தண்ணி ஆறிப்போகும். சின்ன வயதில் இவளுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக்கவில்லையா என்று மருமகன் என்னைச் சீண்டுவார். நான் சிரித்துச் சமாளிப்பேன். பழக்கினேன், நல்லாய்த்தான் பழக்கினேன். அந்தக் கூத்தை அவரிடம் எப்படிச் சொல்வது?

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் தலைநகரில், தமிழர் செறிந்த வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் இருந்தோம். கணவர் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. வெள்ளவத்தைக்குள் தமிழ் கதைப்பதில் ஒரு கரைச்சலும் இல்லை. மரக்கறிக் கடையிலும் தமிழ், டியூசன் வகுப்பிலும் தமிழ். ஆனால் காலி வீதியில் சிங்களச் சனத்தோடு பஸ் ஏறிவிட்டால் நான் வேறு மனுசி. எங்காவது குண்டு வெடித்த கிழமையென்றால் கேட்கவே வேண்டாம், முன்சீட்டில் இருப்பவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாலும், தமிழ் காதில் விழுந்து எங்களைச் சந்தேகப்படுகிறாரோ என்று பயப்படுவேன். பெரியவர்கள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு போவோம். பிள்ளைகளை என்ன செய்வது?

அதற்கு நான் கண்டுபிடித்த வித்தைதான் பூட்டு. வீட்டுப் படி இறங்கும்போது பிள்ளைகள் இரண்டு பேரும் உதட்டில் விரலை வைத்து, பூட்டுகிற மாதிரி ஒரு திருப்புத் திருப்பி, கையில் இல்லாத அந்தத் திறப்பை என்னிடம் தருவார்கள். நான் வாங்கிக் கைப்பைக்குள் போட்டு மூடுவேன். திரும்பி வந்து கதவைச் சாத்திய பிறகு எடுத்துத் திறந்துவிடுவேன். மகன் கள்ளன், இடையில் எப்படியாவது குசுகுசுப்பான். மகள் அப்படியில்லை. ஒருமுறை செருப்புக் கடித்துக் காலில் இரத்தம் வந்தும் வீடு வரும்வரை ஒரு சொல் சொல்லவில்லை. இதைப் பக்கத்து வீட்டு அன்ரிமாரிடம் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன். என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெஹிவளைக்கு மிருகங்கள் பார்க்கப் போனோம். மகன் மூன்று மாதமாக அரித்த அரிப்பு அது. மகளுக்குப் பிறந்தநாளுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டேன். வழக்கம்போலத் திறப்பு இரண்டையும் வாங்கிக் கைப்பையில் போட்டேன்.

காண்டாமிருகம், சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்தாயிற்று. மகள் ஒவ்வொன்றையும் கண்டு கண்ணை விரித்து என் சேலையைப் பிடித்து இழுப்பாளே தவிர, வாய் திறக்கவில்லை. பாம்புகள் இருந்த கட்டடத்தின் முன்னால் எனக்கும் அவருக்கும் கொழுவல். மகனைப் பாம்பு பார்க்கக் கூட்டிப் போக வேண்டும் என்று அவர், சின்னது பயப்படும் என்று நான். நாங்கள் சண்டையைக் கூட வாய்க்குள்ளேயே பிடித்தோம். முகத்தோடு முகம் வைத்துக் குசுகுசுத்துவிட்டுத் திரும்பினால், மகளைக் காணவில்லை.

இரண்டு நிமிடம்கூட இருக்காது. வெள்ளைச் சட்டை என்று தேடினால், ஐயோ, எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சட்டை. பன்சலையில், புத்த கோயிலில் நடக்கும் ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியிருந்தார்கள். கணவர் மகனையும் இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினார். நான் குரங்குக் கூடு, மீன் தொட்டிகள், ஐஸ்கிறீம் விற்கும் இடம் என்று ஓடினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது, அந்த முதல் பத்து நிமிடம் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சுத்தத் தமிழ்ப் பெயர் அது. கூப்பிட்டால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று, பெற்ற பிள்ளையை வாய் திறக்காமல் தேடினேன்.

தண்ணீர்த் தொட்டியடியில் நின்றபோதுதான் அது உறைத்தது. யாராவது அவளைக் கண்டுபிடித்துப் பெயர் என்ன, அம்மா எங்கே என்று கேட்டாலும் அவள் சொல்ல மாட்டாள். அழக்கூட மாட்டாள். திறப்பு என் கைப்பைக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே அலுவலகத்துக்கு ஓடினேன்.

அங்கே கண்ணாடி போட்ட ஒரு மனிதர் ஒலிபெருக்கிக்கு முன்னால் இருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அழுதழுது சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, வயதையும் சட்டையின் நிறத்தையும் எழுதி, சிங்களத்தில் இரண்டு தரம் அறிவித்தார். பிள்ளைக்குச் சிங்களம் விளங்குமா என்று பிறகு கேட்டார். இல்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழும்பி, தன் கதிரையை எனக்கு விட்டு, மைக்கை என் பக்கம் திருப்பி வைத்தார். நீங்களே உங்கள் பாஷையில் சொல்லுங்கள் மிஸ் என்றார்.

மைக்கைப் பார்த்தேன். பஸ்ஸில் ஒரு சொல் தமிழ் கதைக்கப் பயந்தவள், ஞாயிற்றுக்கிழமைச் சனம் முழுக்கக் கேட்கத் தமிழ் கதைக்க வேண்டும். வெளியே யன்னலுக்கு நேராகத் துவக்கோடு ஒரு ஆமிக்காரர் நின்றார். அவர் நின்றால் நிற்கட்டும் என்று மகளின் பெயரைச் சொன்னேன். என் குரல் நாலா பக்கமும் போய் எனக்கே திரும்பி வந்தது.

"குஞ்சு, அம்மா கதைக்கிறன். அம்மா பூட்டைத் திறந்திட்டன். கேக்குதோ? பூட்டு இல்லை. வாயைத் திறந்து கதை. பலத்துக் கதை, என்ர ராசாத்தி."

அதற்கு மேல் முடியவில்லை, விம்மல்தான் வந்தது. கண்ணாடிக்காரர் மெதுவாக மைக்கை நிற்பாட்டினார். ஆமிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, எட்டி எட்டி மரங்களுக்கிடையே தேட ஆரம்பித்தார்.

கால் மணி நேரம் இருக்கும். சிங்களச் சேலைக்கட்டில் ஒரு ரீச்சர் வந்தா. அவவின் விரலைப் பிடித்துக்கொண்டு என் மகள். வாயைச் சுற்றிச் சீனி, கையில் பாதி தின்ற கிம்புலா பணிஸ், சீனி தடவிய அந்த நீட்டு பன். எனக்கு அப்போது வந்த ஆறுதலை எப்படிச் சொல்ல? நிலத்தில் இருந்துவிட்டேன். அவளை மடியில் போட்டுக் கை, கால், காது எல்லாம் சரியாய் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். பணிஸ்தான் என் சேலையெல்லாம் ஒட்டியது.

நடந்தது இதுதான். வெள்ளைச் சட்டைக்காரர்களின் வரிசையொன்று எங்களைக் கடந்து போக, ஒரு சின்னப்பெட்டை கையை நீட்ட, இவளும் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். ரீச்சர் யாரோ ஒரு பிள்ளையின் தங்கச்சி என்று நினைத்திருக்கிறா. பணிஸ் கொடுக்கும்போது எண்ணினால் ஒரு தலை கூடுதல். பெயர் கேட்டால் இவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். பாவம், பிறவியிலேயே வாய் பேசாத பிள்ளையாக்கும் என்று அந்த மனுசி கண் கலங்கியிருக்கிறா. பிறகு பறவைக் கூடுகளடியில் ஒலிபெருக்கி கதைத்ததும், இந்த ஊமைப்பிள்ளை "அம்மா!" என்று போட்ட கூச்சலில் கிளிகளெல்லாம் பறந்தடித்தனவாம். ரீச்சர் சொல்லிச் சிரித்தா, நானும் அழுதுகொண்டே சிரித்தேன். அவவின் கையைப் பிடித்து எத்தனை தரம் நன்றி சொன்னேனோ தெரியாது.

கணவரும் மகனும் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். அவர் மகளைத் தூக்கித் தோளில் போட்டார். அவள் அங்கிருந்தபடி குனிந்து என் முகத்தைப் பார்த்து, கெட்டிக்காரி என்று சொல்வேன் என்ற எண்ணத்தில் சொன்னாள்:

"அம்மா, அந்த ரீச்சர் எத்தனை தரம் கேட்டவா தெரியுமோ? நான் ஒண்டுமே கதைக்கேல்லை."

அவர் என்னைப் பார்க்காமல் மகளின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

யானை ஆட்டம் பார்க்காமலேயே வெளிக்கிட்டோம். பஸ் தரிப்பில் மகன், முகமெல்லாம் பயத்தோடு, தானாகவே உதட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் நீட்டினான். வாங்கி, பக்கத்தில் அழுக்குத் தண்ணி ஓடும் கானுக்குள் எறிந்தேன். அவன் எட்டிக் கானுக்குள் பார்த்தான்.

பஸ்ஸில் மகள் என் மடியில் இருந்து தொடங்கினாள். காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு கறுப்பாம், ஏன்? குரங்குக் குட்டிக்குப் பேன் பார்க்கிறது அதன் அம்மாவோ, அக்காவோ? அந்தச் சின்னப்பெட்டையின் கை முழுக்கச் சீனியாம். அவ்வளவும் நல்ல தமிழில், பஸ் முழுக்கக் கேட்க. முன்சீட்டில் இருந்த ஒரு மனிதர் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்வானேன், எனக்கு வழக்கம்போலப் பயம் வரத்தான் செய்தது. மகளும் அவரைக் கண்டுவிட்டு, நிறுத்துவதா என்று என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"பிறகு?" என்று கேட்டேன்.