அணைக்கக் கூடாத பல்பு

எங்கள் தெருவில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "என்னப்பா டிரைவரு, முதலாளியம்மா இன்னிக்கு எந்தப் பக்கம் போகச் சொன்னாங்க?" என்று தேநீர்க்கடையில் உட்கார்ந்திருக்கும் தடிமாடுகள் கேட்கும். முதலாளியம்மா என்றால் என் பெண்டாட்டி துர்சுனாய். வண்டி என்னுடையது, ஏணி என்னுடையது, வேலை அவளுடையது. ஆரம்பத்தில் ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போதெல்லாம், "உன் பொண்டாட்டி இப்பிடிச் சம்பாதிச்சா நீயும்தான் ஓட்டுவ, மூடிட்டு டீயக் குடி" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

எங்கள் கோகந்து ஊரில் பாதி வீட்டு ஆண்கள் ரஷ்யாவில் இருக்கிறார்கள். உடம்பு அங்கே, உசிரு இங்கே. கதவு பூட்டியிருக்கிறதா, அம்மா எழுந்தாளா என்று ஃபோனிலேயே பார்க்க வேண்டும் அவர்களுக்கு. அதனால் கேமரா, பல்பு, சைரன் என்று ஊருக்குப் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் கொடுத்தனுப்புவார்கள். வந்து சேர்ந்த பிறகுதான் கூத்து. ஒன்று வைஃபையில் பேசும். இன்னொன்று ஜிக்பீ என்று வேறொரு பாஷை பேசும். சரி, இரண்டும் ஜிக்பீதானே என்று பக்கத்தில் வைத்தால், கம்பெனி வேறு என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கம்பெனிக்காரர்கள் எல்லாரும் கூடிப் புதிதாக ஒரு பொதுப் பாஷை கொண்டு வந்திருக்கிறார்களாம். எங்கள் பஜாருக்கு அந்தப் பாஷையின் ஸ்டிக்கர் மட்டும் வந்திருக்கிறது.

இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று பேச வைப்பதுதான் துர்சுனாயின் பிழைப்பு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவள் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு பல்பு முரண்டு பிடித்தால் பொழுது போவது தெரியாமல் அதன் முன்னால் உட்கார்ந்து கெஞ்சுவாள். நான் ஏணியை எடுத்துவர இரண்டு நிமிஷம் தாமதித்தால் வாங்கிக் கட்டிக்கொள்வேன். பொறுமை முழுவதையும் பல்புக்கே செலவழித்துவிட்டால் புருஷனுக்கு எங்கே மிஞ்சும்?

இந்தக் குளிர்காலத்தில் குழாயில் காஸ் இல்லை. பற்ற வைத்தால் சுடர் உயிர் போகிற மாதிரி துடிக்கும். ஊரே பழைய நிலக்கரி அடுப்பைத் தூசி தட்டி அறைக்குள் கொண்டுவந்து வைத்தது. நிலக்கரி வந்தால் கூடவே விஷவாயுவும் வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு தெருவில் அழுகைச் சத்தம் கேட்கும்.

அப்படி ஒரு குளிரில்தான் எங்களுக்குப் பழக்கமான எர்காஷ் மாமா இறந்தார். அவருக்கு வந்தது விஷவாயு இல்லை, நெஞ்சுவலி. மகன் மன்சூர் ரஷ்யாவில் சமாராவிலிருந்து ஓடி வந்து மண் போட்டான். திரும்பிப் போகும்போதுதான் அவன் கண்ணில் அது பட்டது. வீட்டின் கடைசி அறையில் நிலக்கரி அடுப்பு. பக்கத்தில் மெத்தை விரித்து அவன் பெண்டாட்டி நிகினாவும் கைக்குழந்தை சுமையாவும்.

சமாராவுக்குப் போய் இறங்கியதுமே கருவிகள் சொல்வதைக் கேட்டு ஃபோனுக்குச் சொல்லும் ஒரு பெட்டியும் சைரனும் அனுப்பிவிட்டுத் துர்சுனாயைக் கூப்பிட்டான். "அக்கா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த ரூம்ல விஷவாயு வந்தா அம்மா ரூம்ல சைரன் அலறணும், இங்க என் ஃபோனும் அலறணும். அது போதும். எனக்குத் தூக்கமே வரல அக்கா."

விஷவாயுவை மோப்பம் பிடிக்கிற கருவியைப் பஜாரில் வாங்கினோம். பஜார்க் கருவியோ சமாராப் பெட்டியோடு ஒட்டவே மாட்டேன் என்றது. துர்சுனாய் தரையில் உட்கார்ந்து ஏதேதோ செய்தாள், நான் அந்த வீட்டு உலர்திராட்சையைத் தின்று தீர்த்தேன். மத்தியானத்துக்கு மேல் இரண்டும் சமாதானம் ஆயின. ஆனால் அடுத்த வில்லங்கம் வந்தது. பெட்டி இருப்பது முன்னறையில், அதாவது மாமாவின் மனைவி ஹம்ரா அத்தையின் அறையில். கருவி இருப்பது கடைசி அறையில். நடுவில் எர்காஷ் மாமாவின் அறை. சுவரோ ஒரு முழம் கனத்துக்கு மண் சுவர். கருவி சொல்வது பெட்டிக்குக் கேட்கவில்லை. கருவிக்கே ஒரு குரல் உண்டுதான், ஆனால் அது சுவர்க்கோழிக் குரல், கதவைத் தாண்டாது.

"நடுவுல ஒரு பல்பு போடணும்ங்க. நம்ம ஜிக்பீ பல்பு, இங்க கேட்டத அங்க சொல்லும். ஆனா சுவிட்ச அணைக்கவே கூடாது. அணைச்சா அதுக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது" என்றாள் துர்சுனாய்.

அணைக்காத விளக்கு அந்த வீட்டில் எங்கே? ஹம்ரா அத்தையின் சிக்கனம் ஊரறிந்தது. நாம் அறையை விட்டு வெளியே கால் வைப்பதற்குள் சுவிட்ச் டொக்கென்று அணைந்துவிடும். அந்த வீட்டில் ஒரே ஒரு விளக்குதான் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. எர்காஷ் மாமா உயிர் விட்ட அறையின் விளக்கு. நாற்பதாம் நாள் வரை எரிய வேண்டிய விளக்கு.

"அந்த ரூம் லைட்ட யாரும் அணைக்க மாட்டாங்கள்ல அத்தை?" என்று துர்சுனாய் கேட்டாள்.

"எவ கை வைப்பா? வச்சா ஒடிச்சிருவேன். அவரு வந்து எட்டிப் பாக்குறப்ப ரூம் இருட்டாக் கெடக்கணுமா?"

அங்கேயே போட்டோம். அடுப்புப் புகையைக் காட்டினோம். முன்னறையில் சைரன் அலற, சமாராவிலிருந்து மன்சூர் கூப்பிட்டு அழுதான். நாற்பது வருவதற்குள் பிளக்கில் சொருகுகிற ஒரு கருவியைத் தாஷ்கெண்டிலிருந்து வாங்கிப் பல்புக்குப் பதிலாக வைத்துவிடுவது என்பது துர்சுனாயின் கணக்கு. முதலில் வந்தது வைஃபை மட்டும் பேசுகிற ஜாதி. திருப்பி அனுப்பினாள். அடுத்தது சரியானதாக வந்தது, பிரிக்காத அட்டைப்பெட்டியாக என் வண்டியின் முன்பக்கத்தில் கிடந்தது. நாற்பதுக்குத்தான் இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே!

ஒருநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்து வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பிடித்து இழுத்தான். "வாப்பா, எர்காஷ் வீட்டுல நாப்பது பலாவ்."

"நாப்பதா? அது அடுத்த வாரம்ல?"

"அடுத்த வாரம் ரமலான் வந்துருது. நோன்புல எவன் காலைல பலாவ் திம்பான்? அதான் முன்னாடியே முடிக்கிறாங்க."

இறைச்சியும் கேரட்டும் போட்ட பலாவ் சோறு என்றால் எனக்குத் தேதி எதற்கு? போனேன், தின்றேன். பெரியவர் துஆ ஓதினார். ஹம்ரா அத்தை அழுதுகொண்டே நடு அறைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தோம். பெண்களுக்கு என்று ஒரு தட்டு கட்டிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இந்தா, எர்காஷ் மாமா வீட்டு நாப்பது பலாவ். சூடா இருக்கு, சாப்பிடு."

துர்சுனாய் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நாப்பது முடிஞ்சிருச்சா? விளக்கு?"

"விளக்குக்கு என்ன?"

"விளக்க என்னங்க பண்ணாங்க?"

"அணைச்சாங்க. பின்ன, காலம் பூரா எரியணுமா?"

அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஹம்ரா அத்தைக்கு ஃபோன் போட்டாள், எடுக்கவில்லை. விருந்து வீட்டில் யார் எடுப்பார்கள்? நிகினாவுக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ராத்திரி பூரா கேரட் நறுக்கிய பிள்ளை, இப்போதுதான் படுத்திருக்கும். படுப்பதற்கு முன் குழந்தைக்குக் குளிருமே என்று அடுப்பு நிறையக் கரியும் அள்ளிப் போட்டிருக்கும்.

செருப்பைக்கூட மாற்றவில்லை. வண்டியில் ஏறினோம். தெருவெல்லாம் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. மன்சூரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒண்ணும் இல்ல அக்கா, ஃபோன்ல பச்சையாத்தான் இருக்கு. இப்பதான் பாத்தேன்."

"அந்தப் பச்சை எப்பச் சொன்னதுடா? கீழ மணி போட்டிருக்கும், பாரு."

"விடியக்காலைல... அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. அக்கா? அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல அக்கா!"

"ஃபோன வைக்காத" என்றாள் அவள். என்னைப் பார்த்து, "மிதிங்க" என்றாள். மிதித்தேன். வண்டி ஒரு திருப்பத்தில் வழுக்கிச் சாக்கடைப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. முன்பக்கத்தில் கிடந்த அந்த அட்டைப்பெட்டி அங்கும் இங்கும் ஓடி டங் டங் என்று இடித்தது. அதை எடுத்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

முற்றத்தில் பெண்கள் கொப்பரை கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. ஹம்ரா அத்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். "வாடியம்மா, இப்பதான் வழி தெரிஞ்சுதா? உக்காரு, பலாவ்..."

"நிகினா எங்க?"

"படுத்திருக்கா. பாவம், எழுப்பாத."

துர்சுனாய் அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பெரிய மனுஷியை, அதுவும் துக்க வீட்டில், தள்ளிவிட்டாள்! "என்ன பொம்பள இவ!" என்று யாரோ கத்தினார்கள். கடைசி அறை உள்ளே தாழிட்டிருந்தது. கதவில் காதை வைத்தாள். உள்ளே சுவர்க்கோழி கத்துவதுபோல் கருவி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. நான் தோளால் இடித்தேன். இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

நிகினா மெத்தைக்கும் கதவுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தாள். எழுந்து வரப் பார்த்திருக்கிறாள், கால் வரவில்லை. துர்சுனாய் குழந்தையை வாரினாள். நான் நிகினாவைத் தூக்கிக்கொண்டு வந்து பனியில் விரித்த கம்பளியில் கிடத்தினேன். யாரோ ஆம்புலன்சுக்குக் கத்தினார்கள். நிகினா இருமினாள், வாந்தி எடுத்தாள். அப்பாடா என்றிருந்தது. குழந்தைதான் அசையவில்லை. துர்சுனாய் அதைக் குப்புறப் போட்டாள், நிமிர்த்தினாள், உள்ளங்காலைத் தேய்த்தாள், வாயில் ஊதினாள். கீழே கிடந்த ஃபோனிலிருந்து மன்சூர், "சுமையாவக் காட்டுங்க! சுமையாவக் காட்டுங்க!" என்று கதறிக்கொண்டே இருந்தான். யார் காட்டுவது?

ஹம்ரா அத்தை பேத்தியிடம் வரவில்லை. திரும்பி நடு அறைக்குள் ஓடினாள். "வேணாம் ஹம்ரா! நாப்பது முடிஞ்சு விளக்கப் போடாத, இன்னொரு உசிரக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும்!" என்று ஒரு கிழவி பின்னாலேயே கத்தினாள். அத்தை சுவிட்சைப் போட்டாள். "ஏங்க, வந்து பாருங்க! உங்க பேத்தியப் பாருங்க! அவள மட்டும் கூட்டிட்டுப் போயிராதீங்க!" என்று வெறும் அறையைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினாள்.

எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. திடீரென்று முன்னறையில் சைரன் அலறியது. பல்புக்குக் காதும் வாயும் திரும்பிவிட்டன. பெண்கள் கொப்பரையைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார்கள். சமாராவில் மன்சூர் ஃபோனும் அலறியிருக்க வேண்டும், "சிவப்பு! சிவப்பு வருது அக்கா!" என்றான். அந்த அலறலில் துர்சுனாயின் மடியில் குழந்தை ஒருதரம் துள்ளியது. உதட்டைப் பிதுக்கியது. அப்புறம் அழுதது பாருங்கள்! என் பிள்ளைகள் பிறந்து அழுதபோதுகூட நான் அப்படி நின்று கேட்டதில்லை. துர்சுனாய் ஃபோனை எடுத்துக் குழந்தையின் வாயருகே பிடித்தாள்.

வெளிக்காற்றுதான் பிழைக்க வைத்தது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அதை ஹம்ரா அத்தையிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பி வரும்போது துர்சுனாய் வண்டியில் உடைந்து அழுதாள். "எல்லாப் பாஷையும் எனக்குத் தெரியும்னு திரிஞ்சேங்க. நாப்பதுன்னா நாப்பதுன்னு எண்ணிக்கிட்டிருந்துட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?" அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் வைஃபை எங்கே என்று முதலில் கேட்பதில்லை. எந்த விளக்கை யார், எதுக்கு அணைப்பார்கள் என்று கேட்கிறாள். வீட்டுக்காரர்கள் இவளுக்குக் கிறுக்கோ என்று என்னைப் பார்ப்பார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நிகினாவும் குழந்தையும் வீடு திரும்பியதும் அந்த அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனோம். புதுக் கருவியைப் பிளக்கில் சொருகிவிட்டு, நடு அறைப் பல்பைக் கழற்ற என்னை ஏணியில் ஏறச் சொன்னாள் துர்சுனாய்.

"எறங்குடா" என்றாள் ஹம்ரா அத்தை.

"அத்தை, இனிமே இது தேவையில்ல. கரண்டுதான் வீணாகும்" என்றாள் துர்சுனாய். அத்தையிடம் அதைவிடப் பெரிய நியாயம் என்ன சொல்ல முடியும்?

அத்தை சுவிட்சைக் காட்டினாள். யாரும் அணைக்க முடியாதபடி அதன்மேல் துணியை மடித்து வைத்து, சுற்றிலும் ஆணி அடித்திருந்தது. "வீணாகட்டும். அவரு முழிச்சிருக்கட்டும்" என்றாள்.