வெள்ளாற்றங்கரையில் கழற்றிய விளக்குகள்

பகல் ஒரு மணிக்குப் புதுச்சேரியில் விருத்தாசலம் பஸ் ஏறினேன். ஏறும்போதே கண்டக்டருக்கும் எனக்கும் மூட்டை விஷயத்தில் பேச்சு வந்துவிட்டது. கோணிப்பையில் ஆறு பேட்டரிகள் இருந்தன. ஆசிட் ஒழுகினால் யார் பொறுப்பு என்று கேட்டார். இது மூடி வைத்த வகை, ஒழுகாது என்று விளக்கினேன். அரை மனதாக லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, மூட்டையை என் காலடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

நான் சோலார் விளக்குகளைப் பழுது பார்க்கிறவள். மின்கம்பம் போகாத குடியிருப்புகளுக்கு விளக்கு கொடுக்கும் சிறிய அமைப்பு ஒன்றில் வேலை. கொடுக்கப் போகிறவர்கள் வேறு. அவர்களோடு கேமராவும் சால்வையும் போகும். இரண்டு மூன்று வருடம் கழித்து, பேட்டரி செத்த பிறகு, நான் தனியாகப் போவேன். இந்த முறை போகவேண்டிய இடம் கருவேப்பிலங்குறிச்சிக்கு அப்பால், வெள்ளாற்றங்கரைப் புறம்போக்கில் இருக்கும் ஒன்பது வீடுகள். அவற்றில் ஆறு வீட்டு விளக்குகள் நின்றுபோய்விட்டதாகத் தகவல் வந்திருந்தது.

கடலூர் தாண்டி, குறிஞ்சிப்பாடி, வடலூர் என்று பஸ் ஊர்ந்தது. ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தும் வெயில் தணியவில்லை. நெய்வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் முந்திரித் தோப்புகளுக்கு மேலே தெரிந்தன. உயரக் கோபுரங்கள் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு நாலா பக்கமும் போயின. நான் போகிற இடம் அங்கிருந்து முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர்தான்.

நாலு மணிக்கு விருத்தாசலம். பஸ் நிலைய வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு பட்டறையில் வேலை செய்யும் தனலட்சுமிதான் என்னை அழைத்துப்போக வேண்டியவள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது வெள்ளை நிறம். தரை, சுவர், பெண்களின் புருவம், தண்ணீர்க் குடத்தின் மூடி, எல்லாம் வெள்ளை. ஒரு பக்கம் இன்னும் வண்ணம் ஏறாத பிள்ளையார் பொம்மைகள் பலகையில் காய்ந்துகொண்டிருந்தன. மறுபக்கம் தனலட்சுமி ஒரு கை அச்சின் முன் உட்கார்ந்து, பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நம் வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் அதே பீங்கான் கட்டைதான். முப்பத்தைந்து வயது இருக்கலாம். என் மூட்டையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஐந்து மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து, மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ரீமுஷ்ணம் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பதினைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் கூட்டம். கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கியதும், "வூட்டுக்கு அப்பறம் போவலாம் மேடம். முன்ன அவர ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்" என்றாள். அவர் என்பது அவளுடைய கணவர் ஏழுமலை. மனைவி இருக்கும் வீட்டில் இல்லாமல் அவர் ஏன் இங்கே இருக்கிறார் என்று நான் கேட்பதற்குள் அவளுடைய அண்ணன் வீடு வந்துவிட்டது.

மாட்டுக்கொட்டகையை ஒட்டி இறக்கிய தகரச் சாய்ப்பில், கயிற்றுக்கட்டிலில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். மூக்கில் இரட்டைக் குழாய். பக்கத்தில் ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின். பீங்கான் பட்டறையில் வெள்ளைக் கல் அரைக்கும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்தத் தூசி நெஞ்சில் படிந்து கல்லாகிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். கூட வேலை பார்த்தவர்கள் பணம் போட்டு இந்தப் பழைய மிஷினை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஆற்றங்கரை வீட்டில் மின்சாரம் இல்லாததால், மின்சாரம் இருக்கிற இந்த வீட்டுக்கு அவர் மிஷினோடு வந்துவிட்டார். வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

மூட்டையைப் பார்த்து, இதில் மிஷின் ஓடுமா என்று தணிந்த குரலில் கேட்டார். ஓடாது என்றேன். எங்கள் பேட்டரி இரண்டு பல்புக்கும் ஒரு போன் சார்ஜுக்குமானது. அந்த மிஷினை அரை மணி நேரம்கூட அதனால் இழுக்க முடியாது. அவர் தலையாட்டினார். ஏற்கெனவே யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்ட பதிலாகத்தான் இருக்க வேண்டும்.

குடியிருப்புக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. ஒரு வாய்க்கால், பிறகு நெல் வயல்களுக்கு நடுவே வரப்பு, அதன் முடிவில் கருவேல மரங்களும் ஒன்பது வீடுகளும். எல்லாக் கூரையிலும் எங்கள் பேனல் சாய்வாக நின்றது. எல்லாரும் மண்பாண்டம் செய்த குடும்பங்கள். இப்போது பெரும்பாலும் பீங்கான் பட்டறை வேலைக்குப் போகிறவர்கள். தனலட்சுமியின் வீட்டு வாசலில் மூட்டையை இறக்கி, ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு வீராசாமி வந்து நின்றார். நாற்பது வயதுக்காரர், சூளையில் அடுக்கும் வேலை.

"மேடம், கோவிச்சிக்காதீங்க. இத ரிப்பேர் பண்ண வாணாம்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது இதுதான். எங்கள் விளக்கு வருவதற்கு முன்பே மின் இணைப்புக்கு மனு கொடுத்திருந்தார்கள். வாய்க்கால் ஓரமாக எங்கெங்கே கம்பம் வரும் என்று ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். பிறகு சோலார் வந்தது. மேளம் கொட்டி வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரே பதில்தான்: உங்கள் குடியிருப்பு வெளிச்சம் கிடைத்த இடம் என்று கணக்கில் ஏறிவிட்டது, வெளிச்சமே இல்லாத இடங்களை முதலில் பார்க்கிறோம். ஏழுமலைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகும் அதே பதில்.

தனலட்சுமி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கி நீங்க ஒருவாட்டி வந்து சொல்லுங்கக்கா. படிச்சவங்க சொன்னா கேப்பாங்க." மேடம் அக்காவானது அப்போதுதான்.

மறுநாள் பத்தரை மணிக்கு நாங்கள் மூவரும் போனோம். அது எந்த அலுவலகம், அதிகாரி யார் என்பதை எழுதப்போவதில்லை. அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். ஏழுமலையின் மிஷினைப் பற்றி நான் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்: "மேடம், நீங்களே சொல்லுங்க. கூரை மேல பேனல் நிக்குது. நான் எப்படி வெளிச்சம் இல்லன்னு எழுதுறது?"

"விளக்கு எரியலைங்க சார்."

"எரியலன்னா ரிப்பேர் பண்ணுங்க. அதுக்குத்தான வந்திருக்கீங்க."

பேனல் இல்லாமல் இருந்தால் என்று வீராசாமி இழுத்தார். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அப்படி இருந்தால் புதிதாக ஓர் ஆய்வுக்கு எழுதலாம், இந்த மாதமே எழுதுகிறேன், ஆனால் அங்கே எதுவும் இருக்கக் கூடாது, ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பார் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று எங்கள் அமைப்பின் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். முதலில், அந்த ஒரு வீட்டுக்காவது மிஷின் ஓடும் அளவுக்குப் பெரிய சோலார் வைக்க முடியுமா என்று கேட்டேன். பணம் கொடுப்பவர்கள் விளக்குக்கு என்றுதான் கொடுக்கிறார்கள், வேறு எதற்கும் தொட முடியாது என்றார். பேனல்களைக் கழற்றிவிடலாமா என்று கேட்டதும் அவர் குரல் மாறியது. போட்டோவெல்லாம் அனுப்பியாகிவிட்டது, அவசரப்படாதீர்கள், ஒரு வெளிச்சமும் இல்லாமல் இருப்பதற்கு இது மேல் இல்லையா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நானே எத்தனையோ ஊர்களில் கேட்டிருக்கிறேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, அதை அப்படியே இருவரிடமும் சொன்னேன்.

தனலட்சுமிதான் சொன்னாள். "தோ இத்தினியூண்டு வெளிச்சத்த வெச்சிக்கிட்டு, அந்த மனுசன் அண்ணன் வூட்டு மாட்டுக் கொட்டாயில கெடக்கணுமா? கழட்டிடுங்கக்கா."

மதியம் திரும்பி வந்து கழற்ற ஆரம்பித்தோம். நின்றுபோன ஆறு வீட்டில் சிரமம் இல்லை. எரிந்துகொண்டிருந்த மூன்றில் ஒன்று ராஜகுமாரியின் வீடு, கைக்குழந்தைக்காரி. அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கரையோரம் பாம்பு நடமாட்டம், பிள்ளை தவழ்கிறது, என் வீட்டில் எரிகிற விளக்கை விட்டுவிடுங்கள் என்றாள். ஒன்று இருந்தாலும் எல்லாம் இருப்பதாகத்தான் எழுதுவார்கள் என்றார் வீராசாமி. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஏணியில் நின்றபடி என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். தனலட்சுமி கதவைத் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. படியில் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ராஜகுமாரி இரண்டு பல்புகளையும் தானே கழற்றி, முந்தானையில் துடைத்துக் கொண்டுவந்து தனலட்சுமியின் மடியில் வைத்தாள்.

இருட்டியது. ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது நின்று நாளாகிறது. மருந்து பாட்டிலில் டீசல் ஊற்றித் திரி போட்டு ஒவ்வொரு வீடாகக் கொளுத்தினார்கள். கறுப்புப் புகை சுருண்டு சுருண்டு கூரைக்குப் போயிற்று. இந்தப் புகையை ஒழிப்பதற்காகத்தான் எங்கள் அமைப்பே ஆரம்பிக்கப்பட்டது. தனலட்சுமி எனக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். முள் தெரியவில்லை என்று என் போன் வெளிச்சத்தைத் தட்டுக்குப் பிடித்தேன். குழந்தைகள் வந்து அந்த வெளிச்சத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்த பிறகும் அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை. சார்ஜ் தீர்ந்து அதுவாக அணைந்தது.

காலையில் பேனல்களையும் பேட்டரிகளையும் வரப்பு வழியே தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். விருத்தாசலம் வரை ஒரு குட்டியானை சரக்கு வண்டியை அறுநூறு ரூபாய்க்குப் பேசியிருந்தோம். வண்டி வருவதற்குள் ஏழுமலையிடம் சொல்லிக்கொண்டு வரப் போனேன். கழற்றியாகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பம் எப்போது வரும் என்று கேட்டார். வந்துவிடும் அண்ணே, இந்த மாதமே எழுதுவதாகச் சொன்னார் என்றேன். மூச்சு சேர்வதற்காகக் காத்திருந்து பேசினார்.

"மச்சான் வூட்ல நல்லாதான் பாத்துக்குறாங்க. ஒரு கொறையும் இல்ல. ஆனா எங்க வூட்ல படுத்து நாளாச்சுங்க."

போயிட்டு வரேன் அண்ணே என்றேன். கையைத் தூக்கினார். வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

விருத்தாசலத்திலிருந்து புதுச்சேரி வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் எதையும் பார்த்த நினைவு இல்லை. பேனல்கள் பார்சலில் வந்து சேர்ந்தன. புதிய பேட்டரிகளோடு அவற்றை எங்கள் அமைப்பு வேறொரு மலையடிவாரக் குடியிருப்புக்குக் கொடுத்தது. அங்கும் போட்டோ எடுத்தார்கள். நான் போகவில்லை.

அந்த அதிகாரி சொன்னபடி எழுதினாராம். ஆவணியில் அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர், கொடுத்த விளக்கை ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று கேட்டாராம். நானும் இரண்டு முறை போனில் பேசிப் பார்த்தேன். பார்க்கிறோம் என்றார்கள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் பகலில் தனலட்சுமி கூப்பிட்டாள். ஏழுமலை இறந்து பதினாறு நாள் காரியமும் முடிந்துவிட்டது என்றாள். அவர் இறந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் மழையில் கருவேப்பிலங்குறிச்சியிலேயே கரண்ட் போய்விட்டது; மிஷின் நின்றது; பொழுது விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் அழவில்லை. எனக்கு உடனே சொல்லாததற்கு வருத்தப்பட்டாள். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"வூட்டுக்குக் கொண்டாந்து ஒரு ராத்திரி வெச்சிருக்கலாம்னு பாத்தோம்க்கா. ஒரம்பரை ஒறவெல்லாம் மறுநாதான் வர முடியும்னாங்க. மழையில ஜெனரேட்டர் வண்டி வரப்பு தாண்டி வராது. கும்மிருட்டுல எப்பிடி வெச்சிருக்கிறது? அதான் அண்ணன் வூட்லியே வெச்சி எடுத்துட்டோம்."

லைன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மழை விட்டதும் அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். பட்டறையில் மணி அடிக்கிறது, வைத்துவிடுகிறேன் என்றாள்.

என் வீடு புதுச்சேரியில், நல்ல வெளிச்சமான தெருவில் இருக்கிறது. மின்தடை என்றால் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது போன் செய்து சத்தம் போடுவார்கள். மழை விட்டு, பங்குனி வெயிலும் வந்துவிட்டது. இதை எழுதும் இன்றுவரை வெள்ளாற்றங்கரைக்கு யாரும் அளக்கப் போகவில்லை.