பச்சை லைட்டு எந்தப் பக்கம்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரே ஜீப் எங்கள் வீட்டைத் தாண்டி மூன்று முறை போனது.

முதலில் கிழக்கே. பிறகு மேற்கே. மறுபடியும் கிழக்கே.

என் வியாதிதான் உங்களுக்குத் தெரியுமே... சர்க்கரை ஆலையின் எடைமேடையில் கரும்பு வண்டிகளை எண்ணியே காலத்தைக் கழித்தவன். எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். எண்ணுகிற பழக்கத்துக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்தால் வண்டிகளை எண்ணுவேன், மாடுகளை எண்ணுவேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவியின் பெருமூச்சுகளையும் எண்ணுவேன்.

ஆனால் அன்றைக்கு எண்ணத் தெரிந்ததே தவிர, எதற்காக அந்த ஜீப் சுற்றுகிறது என்று யோசிக்கத் தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டேன்.

வேடிக்கைக்குக் குறைச்சலில்லை. எதிர்க் கட்டடம் முழுக்கப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில் இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, வடக்கனந்தல் பக்கமாக வரும் வண்டிகள் இந்தச் சாலை வழியாகத்தான் ஊருக்குள் நுழையும். எதிரே ஜமால் பாயின் ஜவுளிக்கடை. அவருடைய தகப்பனார் காலத்து ஒற்றைக் கடையை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பியிருக்கிறார். கட்டிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மகன் ரியாஸ் ஒரு யோசனை சொன்னான்: முகப்பு முழுவதும் அலங்கார விளக்கு. எல்.இ.டி. பட்டைகள் பதினான்கு, ஃபோகஸ் லைட் இருபத்திரண்டு. எல்லாம் பச்சை. கடைப் பையும் பச்சை, போர்டும் பச்சை, அதனால் விளக்கும் பச்சை.

கட்டடத்துக்கு அனுமதி வாங்கியாகிவிட்டது, விளக்குக்கு எதற்குத் தனியாக என்று ரியாஸ் கேட்டிருக்கிறான். தெருப் பக்கம் நீட்டிக்கொண்டு எதைப் பொருத்தினாலும் நகராட்சிக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மனு, வரைபடம், அக்கம்பக்கத்தாரிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து.

கையெழுத்து என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வயதில் நம்மிடம் யார் சார் கையெழுத்துக் கேட்கிறார்கள்?

உடனே போட்டுவிடுவேனா? ஏழு ஆட்சேபணைகள் எழுதிக் கொடுத்தேன். விளக்கு நேராக என் படுக்கையறைக்குள் வரும். மினுக்கினால் தலை சுற்றும். விடிய விடிய எரிந்தால் தூக்கம் போகும். பூச்சி வரும்... இப்படி.

மறுநாள் பாயே அந்தக் காகிதத்தோடு மாடியேறி வந்தார். அறுபது தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். மூச்சு வாங்க உட்கார்ந்து, நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"ஐயா, ஏழுல அஞ்சு நியாயங்க. ரெண்டு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

எந்த இரண்டு என்று கேட்டேன்.

"பூச்சி வந்தா நான் இன்னாங்க பண்றது? அப்பறம் ஏழாவதா, விளக்கே தேவையில்லைன்னு எழுதியிருக்கீங்களே..."

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் இரண்டை அடித்தேன். மீதி ஐந்தையும் அவர் ஒப்புக்கொண்டார். மினுக்காது, பத்து மணிக்கு அணைந்துவிடும், வெளிச்சம் கீழ் நோக்கியே விழும். கையெழுத்துப் போட்டேன். பாய் கடைக்கு அடுத்த கட்டடத்துக்காரர் போட்டார். அதற்கும் அடுத்து, கொஞ்சம் உள்வாங்கிய கட்டடத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா, தெருவுக்கு வெளிச்சம் வந்தால் நல்லதுதானே என்று சந்தோஷமாகவே போட்டார்.

வெள்ளிக்கிழமை கடை திறப்பு. பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்டது. 'வண்ண விளக்கு அலங்காரத்துடன்' என்று அதில் ஒரு வரி. பாக்கி இருந்தது நகரமைப்பு ஆய்வாளர் வந்து பார்த்துச் சரி என்று எழுதுவது மட்டும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வந்தார்.

இங்கே அந்தப் பெண் ஆய்வாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். பகலில் வருவார் என்று பாய் இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்தார். வரவில்லை. நன்றாக இருட்டிய பிறகு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஏன் இவ்வளவு தாமதம் என்று நான்தான் கேட்டேன். எனக்கென்ன, கேட்டுவிடுவேன்.

"விளக்கைப் பகல்ல வந்து பாத்து என்ன சார் பண்றது?" என்றார்.

எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று.

சுவரிலிருந்து எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று டேப் வைத்து அளந்தார். மின்கம்பிக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். பிறகு தன் ஸ்கூட்டரில் ஏறி, கடைக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிப் பார்த்தார். வண்டி ஓட்டுகிறவர் கண் கூசுமா, கூசாதா என்று தெரிய வேண்டுமாம். அப்புறம் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து, படுக்கையறை ஜன்னலில் நின்று பார்த்தார். என் தலையணைமேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதைக் கூட ஓர் அரசு அலுவலர் வந்து பார்ப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என் மனைவி மோர் கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு இறங்கினார்.

அவர் ஜன்னலில் நின்றபோதுதான் அந்த ஜீப் முதல் முறை போனது. மோர் குடிக்கும்போது இரண்டாம் முறை. அவரோடு நானும் தெருவுக்கு இறங்கிப் போனபோது மூன்றாம் முறை. இந்தத் தடவை தயங்கித் தயங்கி வந்து, பாய் கடை முன்னால் நின்றது.

டிரைவர் தலையை நீட்டி, கடை வாட்ச்மேனிடம் கேட்டார்.

"அண்ணே, பச்சை லைட்டு டாக்டரு வூடு இங்கதான இருந்துச்சி? எந்தப் பக்கங்க?"

வாட்ச்மேன் புதுச் சீருடையில் மிதப்பாக இருந்தார்.

"இன்னாபா, இவ்ளோ பெரிய பச்சை லைட்டு எரிஞ்சிக்கினு கீது, உனக்குத் தெரியலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிரைவர் சிரிக்கவில்லை. "மலை மேல கரியாலூர்லேர்ந்து வர்றோங்க. அம்மாவுக்கு மூச்சு வாங்குது" என்றார்.

ஜீப்பின் பின்சீட்டில் ஓர் அம்மாள் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள் போலிருந்த பெண் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ரியாஸ் ஓடிவந்து, இரண்டு கட்டடம் தள்ளி என்று கை காட்டினான். டிரைவர் எட்டிப் பார்த்தார். எங்கே என்றார். ரியாஸ் மறுபடி காட்டினான். அவன் காட்டிய பக்கம் நானும் பார்த்தேன். தினமும் பார்க்கும் இடம்தான். ஆனால் பச்சைக்குள் பச்சை... எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பாய் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அணைடா."

ரியாஸ் மெயினை இறக்கினான். முகப்பு மொத்தமும் கறுத்தது. ஒரு கணம் எதுவுமே தெரியவில்லை. பிறகு இரண்டு கட்டடம் தள்ளி, ஒரு சின்னப் பச்சைக் கூட்டல் குறி தெரிந்தது. ஒரு முழ உயரம் இருக்குமா? அவ்வளவுதான். அது அத்தனை நேரமும் அங்கேதான் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

பாய் வண்டிக்கு முன்னால் ஓடினார். அந்த முழங்காலோடு, கையை ஆட்டி வழி காட்டிக்கொண்டே ஓடினார்.

நாம் எப்படி வழி சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. இரண்டையும் சொல்லி இதுவரை ஒருவரும் வந்து சேர்ந்ததில்லை. 'பாய் கடைக்கு எதிர் வூடு' என்றால் கண்ணை மூடிக்கொண்டு வருவார்கள். அதே மாதிரி, மலையிலிருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்திருப்பது ஒன்றுதான்: ஊருக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பச்சை லைட்டு, அதுதான் டாக்டரம்மா. பேர் தேவையில்லை, போர்டைப் படிக்க வேண்டாம். அத்தனை வளைவுகளில் மூச்சுத் திணறும் தாயை வைத்துக்கொண்டு இறங்கி வந்த அந்த டிரைவர் மனதில் வைத்திருந்தது அந்த ஒரு முழ வெளிச்சத்தைத்தான். அதைத்தான் நாங்கள் எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு மறைத்துவிட்டோம்.

அரை மணி நேரத்தில் பாய் திரும்பி வந்தார். மருந்துப் புகை வைத்ததில் அந்த அம்மாளுக்கு மூச்சு சீராகிவிட்டதாகச் சொன்னார். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாராம், நானும்தானே பாய் கையெழுத்துப் போட்டேன் என்று.

கடை இன்னும் இருட்டாகவே இருந்தது. ஆய்வாளர் ஃபைலை ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்து வைத்திருந்தார். எழுதவில்லை.

"பாய், ரூல்ஸ்படி இதுல ஒரு குறையும் இல்ல. அளவு சரி. எல்லார் கையெழுத்தும் இருக்கு. நான் சரின்னு எழுதணும்னா இப்பவே எழுதலாம். நீங்க சொல்லுங்க."

இதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அல்லது வேண்டுமென்றே ஒரு குறையைக் கண்டுபிடித்து நிறுத்தியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டு நின்றாரே... ஆலையில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவன் நான். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

பாய் யோசிக்கக்கூட இல்லை.

"வேணாம்மா. பச்சையக் கழட்டிடறேன்."

ரியாஸுக்கு முகம் விழுந்துவிட்டது. பாவம், ஆறு மாதம் வரைந்து வரைந்து பார்த்தவன். "அத்தா, வெள்ளிக்கிழம தெறப்பு. அதுக்குள்ள வேற லைட்டு வராது. பத்திரிகையிலயே போட்டுட்டோம்" என்றான்.

"பத்திரிகை வாங்கினவன் வழி தெரிஞ்சி வந்துருவான்டா. மூச்சு வாங்கிக்கினு வர்றவங்களுக்கு யாருடா பத்திரிகை வெச்சாங்க?"

ஆய்வாளர் ஃபைலை மூடினார். புது வரைபடம் கொடுங்கள், கொடுத்த அன்றைக்கே வருகிறேன், ஆனால் இருட்டிய பிறகுதான் வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் மாடியேறி வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏழு எழுதினீங்களே, அதுல ஒண்ணாவது அடுத்தவங்களுக்காக எழுதினீங்களா?"

எண்ணிப் பார்த்தேன். இல்லை.

வெள்ளிக்கிழமை கடை திறந்தார்கள். முகப்பில் ஒரு விளக்கு கிடையாது. வாசலில் சாதாரண டியூப்லைட் நான்கு. எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்த பாயின் சம்பந்தி, எல்லோர் முன்னாலும் உரக்கவே கேட்டார்: "இன்னா பாய், கரண்டு பில்லு கட்டலயா?"

பாய் சிரித்துக்கொண்டே அவர் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. நானாக இருந்தால் மைக் வைத்துச் சொல்லியிருப்பேன்.

விளக்கு இல்லாததால் கூட்டம் கம்மியாகும் என்று ரியாஸ் பயந்தான். வாசலில் நுழைந்தவர்களை நான் எண்ணத் தொடங்கினேன். இருநூற்றுப் பதினேழில் யாரோ பேச்சுக் கொடுத்து, கணக்குத் தவறிப்போயிற்று.

இப்போது புது விளக்கு வந்துவிட்டது. தேன் நிறம். அமைதியாக, சுவரைத் தடவிக்கொண்டு கீழே இறங்குகிற மாதிரி. ரியாஸ்தான் மறுபடி உட்கார்ந்து வரைந்தான். கிளினிக் பக்கத்து ஓரத்தில் ஒரு பட்டை அகலத்துக்கு விளக்கே வைக்கவில்லை. அந்தக் கறுப்பு ஓரம்தான் முகப்புக்கே அழகு என்று இப்போது அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆய்வாளர் சொன்னபடியே இருட்டிய பிறகு வந்தார். இந்த முறை டேப்பை எடுப்பதற்கு முன்னால் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வடக்கனந்தல் பக்கமாகப் போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று பாய் பதறினார். கொஞ்ச நேரம் கழித்து, மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் வருகிற மாதிரியே ஊருக்குள் நுழைந்து, பாய் கடையில் நிற்காமல், நேராகக் கிளினிக் வாசலில் போய் நிறுத்தினார். அங்கிருந்து நடந்து வந்து, சரி என்று எழுதினார்.

எனக்கு வேறு கவலைகள் வந்துவிட்டன, அது தனி. தேன் நிறத்துக்கு ஈசல் ஜாஸ்தி வருமாமே? மழைக்காலம் வரட்டும், பார்க்கலாம். மனு எழுதுவதாக இல்லை.

நேற்று இருட்டிய பிறகு மலைப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது. பால்கனியில்தான் இருந்தேன். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதை எண்ணினேன்.

ஒன்று.