வக்கீல் கழற்றிய செருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டி.வி. முன்னால் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், நான் இருந்தேன். என் தங்கை செல்வி இல்லை.

ஓடியது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஏற்கெனவே அவளோடு உட்கார்ந்து பார்த்ததுதான். பெரிய வக்கீல், ஒரே மகள். கலெக்டர் மாப்பிள்ளை வேண்டும் என்பது அவர் கனவு. மகளோ அப்பாவின் குமாஸ்தாவை விரும்புகிறாள். கடைசியில் வக்கீல் காரைவிட்டு இறங்கி, குமாஸ்தாவின் ஒற்றை அறை வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்... அங்கே அழாதவர் உண்டா?

ஆறு மாதம் முன்பு நானும் அழுதேன். அழுத கையோடு இதே பக்கத்தில் எழுதினேன் - ‘சம்பளம் பார்த்துப் பெண் கொடுக்கிறவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கட்டும்’ என்று. உங்களில் பலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்.

அடுத்த வாரமே அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துடியலூரில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். பெயர் பழனிச்சாமி. சொந்த ஊர் வெள்ளகோவில், பீளமேட்டில் லேத் பட்டறை வேலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து செல்வியைப் பெண் கேட்டார்.

ஜாதி ஒன்றுதான். செல்விக்கும் சம்மதம், சமையலறைக் கதவோரம் அவள் நின்ற விதமே சொன்னது. எட்டாவதோடு நின்று, மில்லுக்குப் போய், என்னை பி.காம். முடிக்க வைத்தவள். இடைஞ்சல் ஒன்றே ஒன்று - ஒரு பேங்க் மேனேஜர் வீட்டில் அப்போது எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கை மாப்பிள்ளை யாரென்று கேட்டால், லேத் பட்டறை என்றா சொல்வது?

“நீங்க எழுதுனதுதானுங்க” என்று பழனிச்சாமி தாளை நீட்டினார்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. “அதுல என்ன கண்ணு போட்டிருக்குது?” என்றார்.

“ஏதோ சினிமாச் சங்கதிங்கப்பா.”

வாராவாரம் இந்தப் பத்தியை முதலில் படிக்கிறவள் செல்விதான். என்னைப் பார்த்தாள்.

“எங்க ஊட்டுக் கல்யாணம்னா மண்டபம் புடிக்கோணும், ஆயிரம் பேருக்குச் சோறு போடோணுமுங்க. உங்க சம்பளத்துல ஆகுங்களா?” என்றேன். மில் கூலி வீட்டில் ஆயிரம் பேர்! அப்பாவே ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும், “படிச்சவன் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்” என்றார் வந்தவரிடம்.

பழனிச்சாமி தாளை நான்காக மடித்தார். “அப்ப வாரனுங்க.”

அடுத்த மாதம், மில்லுக்குப் போன செல்வி திரும்பவில்லை. விஷயம் தெரிந்ததும் பேங்க் மேனேஜர் வீட்டிலும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, வக்கீல் மறுபடியும் செருப்பைக் கழற்றினார். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். “நல்ல மனுசன் கண்ணு.”

புதன்கிழமை வெள்ளகோவிலிலிருந்து ஓர் இன்லேண்ட் லெட்டர். அவள் போனபின் வந்த முதல் கடிதம். ‘அண்ணா, நாங்களும் படம் பார்த்தோம். கல்யாணச் செலவு ஆகுமா என்று அன்றைக்குக் கேட்டாயே... கீழே எழுதியிருக்கிறேன். இதையாவது அப்பாவுக்கு உள்ளபடி படித்துக் காட்டு.’

காட்டினேன். கோயில் ரசீது, மஞ்சள் கயிறு, இரண்டு மாலை, பதினோரு பேருக்கு டிபன்.

மொத்தம் நானூற்று எண்பது ரூபாய்.