கெம்பியும் விருந்துச் சோறும்

நான்கு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஒன்றரை ஏக்கர் தக்காளிக் கொல்லையில் நடந்தது இது. எங்கள் பக்கம் வயலைக் கொல்லை என்றுதான் சொல்வோம். இதில் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை, ஒரு ஆட்டின் பெயரைத் தவிர. அது கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தருமபுரி டவுனில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகுதான் கொல்லை மண்ணை மிதித்தேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். வேலை பார்ப்பது பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து ஊர் ஒன்றில். இரண்டு பஸ் மாறிப் போய், கடைசியில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவேன். எப்படியாவது பாலக்கோட்டுக்கு மாறுதல் கிடைக்க வேண்டும் என்று மூன்று வருடமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். உபவாசமும் இருந்தேன். அந்த வருடக் கலந்தாய்வில் பாலக்கோட்டில் ஒரு காலியிடம் திரையில் தெரிந்தது. எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் போய் அதே இடத்தை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.  திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆண்டவரிடம் நன்றாகச் சண்டை போட்டேன். "கண்ணில் காட்டிவிட்டுக் கையில் இருந்து பிடுங்கினீரே, இது நியாயமா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு பல மாதம் என் ஜெபமெல்லாம் பேருக்குத்தான்.

இந்த நிலைமையில்தான் எங்கள் சபையில் பெண்கள் ஞாயிறு வந்தது. அன்றைக்குப் பெண்களில் ஒருவர்தான் செய்தி கொடுக்க வேண்டும். டீச்சர் என்றால் வாய் இருக்கும் என்று போதகரம்மா என்னிடம் தள்ளிவிட்டார். தலைப்பும் அவரே கொடுத்தார்: நம்மை மேய்க்கிற ஆண்டவர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

தற்செயலாக அந்த வாரம் எங்கள் கொல்லையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். தக்காளி பறித்து முடிந்த கொல்லையில் மூன்று நான்கு ராத்திரி ஒரு மந்தையை அடைத்து வைத்தால் போதும், அடுத்த வெள்ளாமைக்கு வேறு எரு தேட வேண்டாம். கிடை போட வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். கர்நாடக எல்லைப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தலையில் துண்டு, தோளில் கோல், சட்டைப் பையில் செல்போன். நூற்றிருபது ஆடுகளை ஒற்றை ஆளாக மேய்த்துக்கொண்டு, போனில் கிரிக்கெட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். மந்தைக்கு முன்னால் நடப்பது ஒரு செவலை ஆடு. அதற்குப் பெயர் கெம்பி. கன்னடத்தில் சிவப்பி என்று அர்த்தம். அது திரும்பினால் மற்ற எல்லாம் திரும்பும். அவர் கல்யாணத்தில் மாமியார் வீட்டில் கொடுத்த ஆட்டின் குட்டியாம். அந்த வாரம் கெம்பி சினையாக இருந்தது.

செய்திக்குக் குறிப்பு எடுக்கலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் நோட்டும் பேனாவுமாகக் கொல்லைக்குப் போனேன்.

"ஏம்ப்பா, ஆடுங்க உன் குரலைக் கேட்டா வருமா?" என்று கேட்டேன்.

"வருமுங்க டீச்சர். ஆனா எம்மேல இருக்கற ஆசையில வருதுன்னு நெனைச்சுக்காதீங்க. வேலமரத்துல காய் உலுக்கப் போறான்னு வருதுங்க."

"பாசமே இல்லையா?"

"பாசமா! இங்க போவாத, அதுல வாய் வெக்காதன்னு பொழுதுக்கும் வெரட்டறவன் மேல யாருக்குங்க பாசம் வரும்? எந்நேரமும் எம்மேல கோவமாத்தான் இருக்குங்க இதுங்க."

இது என் செய்திக்கு உதவாது என்று நோட்டை மூடிவிட்டேன். அதை அன்றைக்கே எழுதி வைத்திருக்க வேண்டும். புத்தி இல்லை.

மறுநாள் ஆலயத்தில் செய்தி பிரமாதமாக அமைந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, இருந்தாலும் உண்மை அதுதான். மேய்ப்பன் தன் ஆடுகளைப் பசும்புல்லுக்குக் கூட்டிப்போவான், ஆடு எதற்கு ஆசைப்பட்டாலும் கொண்டுவந்து தருவான் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். அப்படிப் பேசும்போதே உள்ளுக்குள் ஒரு குரல், 'உனக்கு மட்டும் தரவில்லையே' என்று குத்திக்கொண்டே இருந்தது. கேட்டவர்களுக்கு அது தெரியவில்லை. ஆமென், ஆமென் என்றார்கள்.

ஆராதனை முடிந்து அன்பின் விருந்து. வெள்ளைச் சோறு, சாம்பார், கறிக்குழம்பு, பாயசம். அன்றைக்கென்று பக்கத்து ஊரில் இரண்டு கல்யாணம், வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஒரு பெரிய அண்டாச் சோறு அப்படியே மிஞ்சிவிட்டது. என்ன செய்வது என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, எனக்குத்தான் அந்த அருமையான யோசனை வந்தது. நம் கொல்லையில் நூற்றிருபது ஆடு இருக்கிறதே! மேய்ப்பனைப் பற்றிப் பேசிய நாளில் ஆடுகளுக்கும் விருந்து. நினைக்கவே ஆனந்தமாக இருந்தது. என் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவும் கூட்டத்தில் இருந்தார். அவர் விவசாயி, காதில் போட்டிருந்தால் அங்கேயே தடுத்திருப்பார். நான் யாரிடமும் சொல்லாமல், ஒரு பெரிய பேசின் நிறையச் சோற்றை அமுக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டேன்.

கொல்லைக்குப் போனபோது மணி இரண்டு இருக்கும். ஆடுகள் புளியமர நிழலில் படுத்திருந்தன. ஆட்டுக்காரர் பக்கத்துக் கொல்லை போர்வெல்லில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நானே பேசினைக் கீழே வைத்தேன். முதலில் எழுந்து வந்தது கெம்பிதான். மோந்து பார்த்தது, பிறகு முகத்தைப் புதைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போனை எடுத்து அதை வீடியோ வேறு பிடித்தேன். ஐந்தாறு நிமிடம் போயிருக்கும். மற்ற ஆடுகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"பேடா! பேடா!" என்று ஒரு அலறல். கன்னடத்தில் வேண்டாம் வேண்டாம் என்று அர்த்தம். ஆட்டுக்காரர் குடத்தைப் போட்டுவிட்டு வரப்பு தாண்டி ஓடி வந்தார். வந்த வேகத்தில் கோலால் கெம்பியின் கழுத்தைத் தள்ளினார். அது நகராமல் மேலும் மேலும் வாயை உள்ளே விட்டது. பேசினை ஓங்கி ஒரு உதை விட்டார். அது உருண்டு, சோறெல்லாம் மண்ணில் கொட்டியது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "அன்னத்தைப் போயி எட்டி ஒதைக்கிறியே, நீ மனுசனா? ஆசை ஆசையா கொண்டாந்தேன், வாயில்லா ஜீவன் தின்னா உனக்கு என்னப்பா வயித்தெரிச்சல்?" என்று கத்தினேன்.

அவர் ஆடுகளைக் கோலால் விரட்டித் தூரத்துக்கு ஓட்டிவிட்டு, சோற்றின் மேல் மண்ணைத் தள்ளி மூடினார். பிறகுதான் மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்.

"டீச்சர், சோறு நமக்குத்தாங்க சாமி. ஆட்டுக்கு வெசமுங்க. வவுத்துல போயி பொங்கிப் புளிச்சி உப்பிக்கும். மூச்சு நின்னுரும். கெம்பி எவ்ளோ நேரமா தின்னுச்சு?"

 போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். அதன் கடைசியில் பேசின் பாதி காலி.

நாலு மணிக்குள் அவர் சொன்னது நடந்துவிட்டது. கெம்பியின் இடது பக்கம் பலூன் மாதிரி உப்பியது. தட்டினால் தப்பட்டைச் சத்தம் கேட்டது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, கால் மடங்கிப் படுத்துவிட்டது.  அது செத்தால் வயிற்றில் இருக்கும் குட்டியும் போகும், மந்தைக்கு முன்னால் நடக்க ஆடும் இருக்காது. அத்தனையும் என்னால். காலையில் மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கம், மதியம் ஆட்டுக்கு விஷம்! ஆட்டுக்காரரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டோம். அவர் ஓசூரில் ஒரு விசேஷத்தில் இருந்தார். "சமையல் சோடாவைத் தண்ணியில கரைச்சு ஊத்துங்க, எண்ணெய் கொஞ்சம் குடுங்க, படுக்க விடாம நடத்திட்டே இருங்க. ஒரு மணி நேரத்துல கொறையலைன்னா வண்டியில ஏத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானும் கெளம்பி வந்துடறேன்" என்றார். நான் வீட்டுக்குப் பறந்துபோய் சோடாவும் கடலை எண்ணெயும் ஒரு பாட்டிலும் கொண்டுவந்தேன். ஆட்டுக்காரர் கெம்பியின் தலையைத் தூக்கி, புரை ஏறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிறகு கழுத்துக் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"நீங்க இழுத்துட்டு நடங்க டீச்சர். நான் பின்னால இருந்து வவுத்த நீவி விடறேன்."

பெண்கள் ஞாயிறுக்கென்று எடுத்த வெள்ளைப் பட்டுப்புடவையோடு, தக்காளிக் குச்சிகளுக்கு நடுவில் மேலும் கீழும் நடந்தேன். அதற்குள் செய்தி கேட்டு என் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வண்டிக்குப் போன் போட்டு, தயாராக இருக்கச் சொன்னார். நான் நடந்துகொண்டே, "ஆண்டவரே, இந்த ஆட்டைக் காப்பாற்றும், இந்த ஆட்டைக் காப்பாற்றும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். பல மாதத்துக்குப் பிறகு நான் மனதாரச் செய்த ஜெபம் அதுதான். அதில் மாறுதல் ஞாபகமே இல்லை.

நடக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவை புளியமரத்துப் பக்கம் திரும்பும்போதும் கெம்பி கயிற்றை இழுத்தது. எங்கே இழுக்கிறது என்று பார்த்தால், சோறு கொட்டிய இடத்துக்கு! வயிறு வெடிக்கிற மாதிரி உப்பியிருக்கிறது, மூச்சுவிட முடியவில்லை, அப்போதும் அந்தச் சோற்றுக்குத்தான் அது தவிக்கிறது. ஆட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கோலைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். அது அவரை ஒரு முறை முறைத்தது பாருங்கள், என் வகுப்பில் மிட்டாயைப் பிடுங்கினால் பிள்ளைகள் முறைப்பார்களே, அதே முறைப்பு.

"பாத்தீங்களா டீச்சர், எவ்ளோ கோவம்னு! நல்ல சோத்த ஒதைச்சுத் தள்ளிட்டானே பாவின்னு திட்டுது" என்று சொல்லிச் சிரித்தார். அந்த நிலைமையிலும் சிரித்தார். "என்னத்தயாவது நெனைச்சுக்கட்டும். நான் அதுகிட்ட ஞாயம் பேசிட்டு இருக்க முடியுங்களா?"

நான் நின்றுவிட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் வந்த பஸ் கண் முன்னால் வந்தது. கண்ணில் காட்டிவிட்டுப் பிடுங்கினீரே என்று நான் கேட்டதும் நினைவுக்கு வந்தது. இந்த முறைப்பை மாதக்கணக்கில் நான் முறைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்றும் ஒன்றாக வந்தால் முகம் எப்படி இருக்குமோ, என் வீட்டுக்காரர் பயந்துபோய், "ஏம்மா, உனக்கு என்னாச்சு?" என்று கேட்டார். "நடக்கறேங்க, நடக்கறேன்" என்று கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

ஐந்தரை மணி இருக்கும். கெம்பி திடீரென்று நின்றது. கழுத்தை நீட்டியது. எங்கள் தெருவில் யாருக்கும் வராத அளவுக்கு ஒரு ஏப்பம் விட்டது. தொடர்ந்து, பின்பக்கமாகவும் தன் சுமையை இறக்கியது. அப்போது கயிறு சுற்றி நான் அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைப் பட்டின் கதையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்காரர் கோலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கைதட்டினார். நான், "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன். ஆலயத்தில்கூட நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல தள்ளி நின்னு சொல்லும்மா" என்றார்.

வயிறு இறங்க இறங்க கெம்பி காதை ஆட்டியது. பொழுது சாய்வதற்குள் காய்ந்த புல்லை ஒரு வாய் மென்றது. டாக்டரிடம் சொன்னோம், இனிப் பயமில்லை என்றார். ஆட்டுக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க டீச்சர், நல்லது செய்யணும்னுதான கொண்டாந்தீங்க" என்று சொல்லிவிட்டு, போனில் ஸ்கோர் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த மாசியில் அதே மந்தை எங்கள் கொல்லைக்கு வந்தது. முன்னால் கெம்பி, அதன் பின்னால் துள்ளிக்கொண்டு அதே நிறத்தில் பாதி வளர்ந்த ஒரு குட்டி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கிட்டே போய்க் கையை நீட்டினேன். என்னை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, கெம்பி முதல் வேலையாக என் உள்ளங்கையை மோந்து பார்த்தது. சோறு இருக்கிறதா என்று!

எனக்கு மாறுதல் இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போதும் இரண்டு பஸ், ஒன்றரை கிலோமீட்டர் நடை, மழைக்காலத்தில் கையில் செருப்பு. பாலக்கோட்டு இடம் எனக்கு ஏன் இல்லாமல் போனது என்று யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை. கெம்பிக்கு யார் சொன்னார்கள்? வேண்டும் என்பதை இன்றும் அடம்பிடித்துத்தான் கேட்கிறேன், அந்தக் குணம் போகவில்லை. ஆனால் ஜெபத்தை முடிக்கும்போது ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: ஆண்டவரே, நான் கேட்பது கெம்பியின் சோறாக இருந்தால் பேசினை எட்டி உதைத்துவிடும், நான் முறைத்தால் கண்டுகொள்ளாதேயும்.