குச்சவெளி பஸ்ஸில் போதகரம்மா

எங்கள் போதகரம்மாவின் கைப்பைக்குள் ஒரு பழைய பவுடர் டின் இருக்கும். அதற்குள் சேப்டி பின்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சபை வாசலில், பெண்கள் ஏறும் படியோரமாக அவர் நிற்பார். கழுத்துச் சற்று இறங்கிய சட்டையோடு ஒரு பிள்ளை வந்தால் நாலு பேர் கேட்க ஏசமாட்டார். தோளில் கைவைத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி, டின்னைத் திறந்து ஒரு பின்னை எடுத்துக் குத்தி, நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கிவிட்டு உள்ளே அனுப்புவார். குத்திய இடத்தில் துணி சுருங்கி நிற்கும். ஆராதனை முடியும்வரை எங்கள் கவனம் அந்தச் சுருக்கத்திலேயே கிடக்கும். பாடும்போது கை தானாக அங்கே போகும். எனக்கும் அப்படிக் குத்தியிருக்கிறார். அவர் விரல்களில் சவர்க்கார வாசம் இருந்தது.

போர் நடந்த காலம் அது. திருகோணமலை நகரத்தில், துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் சபை இருந்தது. சுற்றிவரச் சைவக் குடும்பங்கள், கடைத்தெருப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள், நடுவில் நாங்கள் கொஞ்சப் பேர். ஊரடங்குச் சட்டத்தால் தியேட்டரில் இரவுக் காட்சிகள் நின்றுபோயிருந்தன. அதற்குப் பதிலாக வீடியோ வந்தது. யாராவது ஒரு வீட்டில் டெக்கை வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் போட்டு, பின்னேரங்களில் இந்தியப் படங்கள் காட்டுவார்கள். எங்கள் ஒழுங்கையின் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். பகலெல்லாம் எங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது, யாரைக் காணவில்லை என்ற கதையையே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, மலைச்சரிவில் ஆடிப்பாடும் இருவரைப் பார்ப்பது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இன்றைக்குப் புரிகிறது. போதகரம்மாவின் கணவரான போதகருக்கு அது புரியவில்லை. வெளியே இருக்கும் பிசாசுக்குச் சென்றி போட்டிருக்கிறார்கள், வீட்டுக்குள் வருகிற பிசாசுக்கு யார் சென்றி போடுவது என்று பிரசங்கத்தில் கேட்பார். சென்றி என்பது வீதிக்கு வீதி இருந்த இராணுவக் காவலரண். அந்தச் சொல்லைக் கேட்டால் சிரிக்கத் தோன்றாத காலம். ஆனாலும் சிலர் சிரிப்பார்கள்.

பிள்ளைகளுக்கான பாடத்தைப் போதகரம்மா சனிக்கிழமை பின்னேரக் கூட்டத்தில் நடத்துவார். அவர் கடுமையானவர் அல்ல. உடம்பு கடவுள் குடியிருக்கிற இடம் என்பதை அவர் மனதார நம்பினார். ஒரு வீட்டைக் கூட்டித் துடைத்துக் கதவைச் சாத்தி வைப்பதுபோல உடம்பையும் வைத்திருக்க வேண்டும் என்பார். படத்தில் ஆடுகிற பெண்களை அவர் ஒருநாளும் இழிவாகப் பேசியதில்லை. யார் பெற்ற பிள்ளையோ, எவ்வளவு கஷ்டமோ என்பார். ஆனால் அந்தச் சட்டை வெட்டும், அந்த நடையும் எங்களுக்கு வந்துவிடக்கூடாது என்று பயந்தார். ஒழுக்கமாக உடுத்தினால் ஒருவனும் கிட்ட வரமாட்டான். இதை அவர் அடிக்கடி சொன்னார். நாங்களும் நம்பினோம். ஒழுங்கைக்கு ஒழுங்கை துவக்கோடு ஆட்கள் நின்ற ஊரில், எங்கள் கையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பத்தானே தோன்றும்.

எங்கள் பாடகர் குழுவில் ஒரு ரீச்சர் அக்கா இருந்தார். தகப்பன் இல்லை, தாயும் அவரும் மட்டும். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். குச்சவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தார். நாளும் கடற்கரை வீதி பஸ்ஸில் போய் வருவார். நன்றாகப் பாடுவார். அதைவிட நன்றாகப் படக்கதை சொல்வார். வீடியோ பார்க்க அனுமதியில்லாத என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு அவர் சொல்வதுதான் சினிமா. ஒரு நடிகை போட்டதைப் பார்த்து, முதுகு இறங்கிய, கை புடைத்த பிளவுஸ் ஒன்று தைத்து ஒருமுறை சபைக்குப் போட்டுக்கொண்டு வந்தார். போதகரம்மா வாசலில் அவரை நிறுத்தி, சாரித் தலைப்பை இழுத்து முதுகைச் சுற்றி மூடிப் பின் குத்தினார். வளர்ந்த பெண், உத்தியோகம் பார்க்கிறவர், முகம் சிவந்துபோனது. அதன் பிறகு ரீச்சர் அக்கா கழுத்து மூடிய, முழங்கைவரை கை நீண்ட பிளவுஸ்தான் போட்டார். பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே போனார். போதகரம்மாவோடு முன்போலப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார்.

ஒருநாள் பின்னேரம் குச்சவெளி பஸ் ரீச்சர் அக்கா இல்லாமல் வந்தது. வழியில் ஒரு சென்றியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்திருக்கிறார்கள். அது நாளாந்தம் நடப்பதுதான். எல்லோரும் இறங்கித் தடையைத் தாண்டி நடப்பார்கள், பஸ் அந்தப் பக்கம் போய் நிற்கும், மறுபடி ஏறுவார்கள். அன்றைக்கு ரீச்சர் அக்காவை மட்டும் நிற்கச் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் போகச் சொல்லித் துவக்கைக் காட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் மங்குவதற்கு முன் அவர் ஒரு மீன் லொறியில் வந்து சந்தியில் இறங்கினார். சாரி கசங்கியிருந்தது. செருப்பு இல்லை. அந்தச் சென்றிக் கொட்டிலுக்குள் நடந்ததை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டது.

அந்தக் கிழமை சபை மூப்பர்கள் கூடினார்கள். ஒரு மூப்பர் ரீச்சர் அக்காவின் தாயிடம் போய், கொஞ்ச நாளைக்குப் பாடகர் குழுவில் நிற்க வேண்டாம், திருவிருந்து அப்பமும் எடுக்க வேண்டாம், சனத்தின் கதை அடங்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அவளைத் தண்டிக்கவில்லை, அவளுடைய நன்மைக்குத்தான் என்றும் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை போதகர் சினிமாவைப் பற்றியும் உடுப்பைப் பற்றியும் பிரசங்கித்தார். பெயர் சொல்லவில்லை. கடைசி வரிசை வாங்கில் தாயோடு இருந்த ரீச்சர் அக்கா தலையைக் குனியவில்லை. சுவரில் இருந்த சிலுவையையும் பார்க்கவில்லை. பக்கத்து யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் நின்றோம். அந்த மூப்பர் போதகரம்மாவிடம் வந்தார். மனிதர் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருக்க வேண்டும். அம்மா இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள் இல்லையே, படத்தைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்றார். போதகரம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றார்.

"அண்டைக்கு அவ கழுத்துவரைக்கும் மூடித்தான் போனவ," என்றார். "நான் சொன்ன மாதிரித்தான் போனவ."

போதகர் படியில் நின்றுகொண்டிருந்தார். போதகரம்மா அவரைப் பார்த்துத்தான் அடுத்ததைக் கேட்டார். "பொம்பிளைப் பிள்ளையளுக்கு நான் உடுப்பைப் பற்றிச் சொல்லிக் குடுத்தனான். ஆம்பிளைப் பிள்ளையளுக்கு நீங்கள் என்ன சொல்லிக் குடுத்தனீங்கள்?"

குரலில் கோபம் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டார். போதகர் கெட்ட மனிதர் அல்ல. சுற்றிவளைப்புகளில் பிடிபட்ட எத்தனையோ இளைஞர்களுக்காக முகாம் வாசலில் வெயிலில் நின்று கெஞ்சியவர். அன்றைக்குக் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ரீச்சர் அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. சம்பளம் நின்றால் தாயும் மகளும் என்ன செய்வார்கள் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஒரு காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், பஸ் நிலையத்தில் போதகரம்மாவைக் கண்டேன். புருஷன் துணையில்லாமல் சந்தைக்குக்கூடப் போகாத மனுஷி. வெள்ளைச் சாரி உடுத்தி, சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி, ரீச்சர் அக்காவின் பக்கத்தில் நின்றார். இருவரும் குச்சவெளி பஸ்ஸில் ஏறினார்கள். அடுத்த நாளும் ஏறினார்கள். அதற்கடுத்த நாளும். பள்ளிக்கூடம் விடும்வரைக்கும் போதகரம்மா அங்கே வேப்பமரத்தடியில் கதிரை போட்டிருந்து, சிறுபிள்ளைகளுக்குத் தைக்கச் சொல்லிக் கொடுத்தாராம். பின்னேரம் அதே பஸ்ஸில் கூடவே திரும்புவார்.

அந்தச் சென்றியில் ரீச்சர் அக்காவை மறுபடியும் ஒருமுறை நிற்கச் சொன்னார்கள். பஸ்ஸில் வந்த, சல்லி என்ற கடலோரக் கிராமத்துப் பெண் ஒருவர் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருபவர். அவர்தான் அதைச் சொன்னார். போதகரம்மாவும் நின்றாராம். அவர்களின் பாஷை இவருக்குத் தெரியாது. ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, இவ உள்ளுக்கு வந்தால் நானும் வருவேன் என்று தமிழிலேயே சொன்னாராம். போகச் சொல்லிக் கத்தியும் நகரவில்லை. அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஒருவரும் ஏறவில்லை. புல்மோட்டைக்குப் போகும் முஸ்லிம் பெண்கள் பிள்ளைகளோடு வீதியிலேயே குந்திவிட்டார்கள். சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆறுதலாக வெற்றிலை போட்டார். கடைசியில் இரண்டு பேரையும் விட்டார்கள். இதைச் சொல்லும்போது அந்தச் சல்லிப் பெண் அழுதார். அவர் முத்துமாரியம்மனைக் கும்பிடுகிறவர். உங்கட அம்மாவுக்கு எங்கட அம்மன்தான் துணை நின்றவ என்றார். எங்கள் அம்மா மறுத்துப் பேசவில்லை.

சபைக்குள் இப்படி ஒன்றும் நடக்கவில்லை. போதகரின் மனைவி வீட்டைப் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறா என்ற பேச்சு வந்தது. மூப்பர்கள் முடிவை மாற்றவில்லை. போதகரம்மா முன்வரிசையை விட்டுக் கடைசி வாங்கில் ரீச்சர் அக்காவின் பக்கத்தில் இருக்கத் தொடங்கினார். திருவிருந்து வந்தபோது அவரும் எடுக்கவில்லை. போதகர் அப்பத் தட்டோடு ஒவ்வொரு வரிசையாக வருவார். கடைசி வாங்குக்கு முன்னால் கால் ஒரு கணம் நிற்கும். பிறகு திரும்பிப் போய்விடுவார். ஒவ்வொரு முறையும், இன்றைக்குக் கொடுத்துவிடுவார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாளும் கொடுக்கவில்லை. மனைவி பஸ்ஸில் போவதை ஒருநாளும் தடுக்கவும் இல்லை. மத்தியானத்தில் தானே சமைத்துச் சாப்பிட்டார். அந்த மனிதரை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் தொடர்ந்தது. போதகரம்மா வாசலில் நிற்பதை விட்டுவிட்டார். உடம்பு கடவுள் குடியிருக்கிற இடம் என்று அதன் பிறகும் சொன்னார். உடுப்பைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் நிறுத்திக்கொள்வார். பிறகு ஒரு பாட்டை எடுத்துப் பாடச் சொல்லுவார். ரீச்சர் அக்காவுக்கு நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றம் கிடைத்தபின் பஸ் பயணம் நின்றது. கொஞ்சக் காலத்தில் போதகர் குடும்பத்தையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போதகரம்மா அங்கேயே காலமானார் என்று பின்னாளில் கேள்விப்பட்டோம்.

இப்போது எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். கைத்தொலைபேசியில் பார்த்து ஆடுகிறாள். பள்ளிக்கூடத்து விழாக்களில் பால்பல் விழாத பிள்ளைகள்கூடப் படப்பாட்டுக்கு இடுப்பை வெட்டி ஆடுகின்றன, பெரியவர்கள் கைதட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. விற்பவன் ஒருவன் எங்கேயோ இருந்து எங்கள் பிள்ளைகளின் உடம்பை அவர்களுக்கே விற்கிறான் என்று தோன்றுகிறது. போதகரம்மா பயந்தது முழுக்கப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பிள்ளைகளின் கூட்டத்தில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லிச் சபையில் என்னைக் கேட்டபோது, அன்றைக்குக் கழுத்துவரை மூடிப் போன ஒருவரின் முகம்தான் முன்னால் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

போன வருடம் ரீச்சர் அக்கா வெளிநாட்டிலிருந்து வந்தார். தாயின் வீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார். தலை நரைத்திருந்தது. பேச்சு தானாகப் போதகரம்மாவிடம் போனது. அந்தப் பஸ்ஸில் இருவரும் என்னதான் பேசுவீர்கள், ஜெபமா என்று கேட்டேன். ரீச்சர் அக்கா சிரித்தார்.

"முதல் நாள் ஜெபம்தான். அடுத்த நாள் பஸ் வெளிக்கிட்ட உடனே அம்மா கேட்டா, பிள்ளை, நீங்கள் படக்கதை நல்லாச் சொல்லுவீங்களாமே, ஒண்டு சொல்லுங்கோவன் எண்டு. எனக்கு நம்ப ஏலாமல் போச்சுது."

தனக்குத் தெரிந்த படமெல்லாம் சொல்லி முடித்ததாகச் சொன்னார். போதகரம்மா ஒரு படமும் பார்க்காதவர். சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்பாராம். இடையில் நிறுத்திக் கேள்வியும் கேட்பாராம். அவள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே, பிறகேன் அவன் பின்னால் போகிறான் என்பாராம். படத்தில் அப்படித்தான் அம்மா என்று ரீச்சர் அக்கா சொன்னால், தலையை ஆட்டிக்கொண்டு வெளியே பார்ப்பாராம்.

சென்றி கிட்ட வரும்போது பஸ் வேகம் குறையும். ரீச்சர் அக்கா கதையை நிறுத்திவிடுவார். போதகரம்மா அவருடைய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். முன்னால் தெரியும் தடையைப் பார்க்கமாட்டார். அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பாராம்.

"பிறகு? பிறகு அவளுக்கு என்ன நடந்தது? சொல்லுங்கோ பிள்ளை."